இருபதாம் நோன்பின் உப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் மைமூனைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், அவள் பிடிவாதத்தைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பஜார் ரோட்டில் ஒரு கிடங்கில் இருபத்தாறு வருஷமாகச் சுக்கு பொறுக்குகிறவள். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் போதும், உள்ளே புழு இருக்கிறதா இல்லையா என்று உடைக்காமலே சொல்லிவிடுவாள். சொன்னது சொன்னதுதான். முதலாளி உடைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். புருஷன் மொய்து அதே ரோட்டில் கயிறும் சாக்கும் விற்கிறார். அவர் உடைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

இப்பேர்ப்பட்டவளிடம், மகள் ஹிஸானாவின் கல்யாணப் பந்தலில் வைத்து, பொள்ளாச்சிச் சம்பந்தி சைத்தூன் பீவி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "கொச்சிக்காரங்களுக்கு வீட்ல அடுப்பு எதுக்கு? தெருவுக்கு நாலு கடை இருக்கே!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே குத்தினால் முள் ஏறாதா?

அதோடு போயிருந்தால் மைமூன் விழுங்கியிருப்பாள். நோன்பு பிறந்த மூன்றாம் நாள் ஹிஸானா ஃபோனில் சொன்னதுதான் தொண்டையில் நின்றது.

"கஞ்சிக்கு உப்பு மாமிதான் போடுவாங்க உம்மா. நான் பூண்டு உரிக்கறதோட சரி."

நோன்பு வைத்த வீட்டில் கஞ்சியை யாரும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். ருசி பார்க்காமலே உப்புப் போட வேண்டும். அதனால் வீட்டுக்கு ஒரு கைதான் அந்த உப்பைப் போடும். அந்தக் கை யாருடையதோ அவளுக்குத்தான் அடுப்படி. மைமூன் வீட்டில் பதினாலு வயசிலிருந்து அது ஹிஸானாவின் கை. ஒருநாள் பிசகியதில்லை. அந்தக் கையைப் போய்ப் பூண்டு உரிக்க வைத்துவிட்டாளே! கல்யாணமாகி எட்டு மாதம், இன்னும் விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் இருக்கிறது பிள்ளை.

"வாப்பா, மாமி வீட்டாரை நோன்பு திறக்கக் கூப்பிடணும், முதல் வருஷம் இல்லையா?" என்று ஹிஸானா ஞாபகப்படுத்தினாள். மொய்து கூப்பிட்டார். "இருபதாம் நோன்புக்கு எல்லாரும் வந்துடணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தேதியும் சொல்லவில்லை, கிழமையும் சொல்லவில்லை.

இருபதாம் நோன்பன்று மைமூன் கும்பளங்கியிலிருந்து கரிமீன் வரவழைத்தாள். ஆட்டுக்கறி, பத்திரி, நேந்திரம்பழ உன்னக்காய், ஒன்று பாக்கியில்லை. பாங்கு சொன்னது. யாரும் வரவில்லை.

"ஒரு ஃபோன் போட்டுப் பாக்கட்டா?" என்றார் மொய்து.

"வேண்டாம். வராதவங்கதான் சொல்லணும். நாம எதுக்குக் கேக்கணும்?"

கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் அத்தனையையும் பாத்திரம் பாத்திரமாகப் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தனுப்பிவிட்டுப் பச்சைத் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாகப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. ஹிஸானா.

"உம்மா, ஆலுவா தாண்டிட்டோம். ஒன்பது பேரு வேன்ல வர்றோம்."

"எங்கே வர்றீங்க?"

"எங்கேயா? நம்ம வீட்டுக்குத்தான். இன்னைக்கு இருபதாம் நோன்பு இல்லையா?"

மைமூன் தலையில் கை வைத்தாள். கேரளத்தில் பிறை ஒருநாள் முந்திக் கண்டார்கள். பொள்ளாச்சியில் ஒருநாள் பிந்தித்தான் நோன்பு பிடித்தார்கள். இங்கே இருபத்தொன்று, அங்கே இருபது. இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணினார்கள், இரண்டும் சரி, விருந்துதான் தப்பு.

"வாங்க மோளே, வாங்க" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள்.

மொய்து அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டார். "எடீ மைமூ, நான் ஓடிப்போய்ப் பிரியாணி சொல்லிட்டு வர்றேன். சமோசாவும் கட்லெட்டும் கிடைக்கும்."

"கடைச்சோறு இந்தப் படி ஏறினா நான் அந்தப் படி இறங்கிடுவேன்."

"வீட்ல என்ன இருக்கு? ஃபிரிட்ஜைத் திறந்தா வெளிச்சம் மட்டும்தான் வருது."

"டப்பாவைத் திறந்தா சாமான் வரும். தேங்கா உரிங்க முதல்ல."

டப்பாக்களை வரிசையாக இறக்கினாள். பச்சரிசி இருந்தது, பாசிப்பருப்பு இருந்தது. வெந்தயம், பட்டை, கிராம்பு. ரவை அரை டப்பா. கடலைமாவு, பொட்டுக்கடலை, அச்சு வெல்லம். கூடையில் வெங்காயமும் பூண்டும். பச்சை இஞ்சி இல்லை. சுக்குக் கிடங்குக்காரி வீட்டில் இஞ்சி இல்லையென்றால் என்ன? விரல் நீளச் சுக்கை அம்மியில் தட்டினாள். வாசம் தெருமுனை வரை போயிருக்கும்.

அரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக் குருணையாக்கினாள். பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தாள். பெரிய பானையில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, வெந்தயம், வெங்காயம், ஒரு கை பூண்டு, தட்டின சுக்கு, மஞ்சள்தூள். பிறகு குருணையும் பருப்பும் போட்டு, ஒன்றுக்கு எட்டாகத் தண்ணீர் விட்டு மூடினாள். கஞ்சி தானாக வேகட்டும். அந்த நேரத்தில் கடலைமாவில் வெங்காயம் பிசைந்து பக்கோடா, பொட்டுக்கடலையும் தேங்காயும் வரமிளகாயும் சேர்த்துத் துவையல், ரவையை நெய்யில் வறுத்து வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றி ஒரு பாயசம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியலக்ஷ்மி வாசனை பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் சும்மா நிற்கவில்லை, துருவிய தேங்காயை அரைத்துப் பிழிந்து முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்தாள்.

ஆறு மணிக்கு வேன் தெருமுனையில் நின்றது. மருமகன் ஆஷிக் முதலில் இறங்கினான், பின்னாலேயே சைத்தூன் பீவி. கை கழுவுகிற சாக்கில் நேரே அடுப்படிக்குள் வந்தாள். சுற்றிலும் ஒரு பார்வை. கறியும் இல்லை, மீனும் இல்லை.

"என்ன சம்பந்தி, சிம்பிளா முடிச்சுட்டீங்களா?"

"இனி உப்புப் போடணும்" என்றாள் மைமூன். "ஹிஸானா, வா. வந்து போடு."

ஹிஸானா மாமியைப் பார்த்தாள். சைத்தூன் பீவி குரலைத் தாழ்த்தினாள். "அது சின்னப் பிள்ளை. ஒன்பது பேர் பயணத்துல வந்திருக்கோம். கஞ்சி கெட்டுப்போச்சுன்னா வேற என்ன இருக்கு? நீங்களே போட்டுடுங்க."

நியாயமான பேச்சுதான். வயிறு நிறைய வேறே ஒன்றும் இல்லை. மைமூன் போட்டால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும், ஆனால் ஹிஸானா நாளைக்கும் பூண்டுதான் உரிப்பாள். உப்பு ஜாடியை எடுத்து மகள் கையில் வைத்துவிட்டு மைமூன் விலகி நின்றாள்.

"இந்த வீட்ல உப்பு அவ கைதான், சம்பந்தி."

ஹிஸானா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியால் அடியிலிருந்து ஒரு தடவை கிளறினாள், ஆவியை முகத்தில் வாங்கினாள். கல்லுப்பு ஒரு கை. நிறுத்தி, இன்னும் அரைக் கை. அப்புறம் மூன்று விரலில் ஒரு சிட்டிகை.

பாக்கியலக்ஷ்மிக்கு நோன்பா என்ன? ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதி நாக்கில் வைத்தாள். "அம்மாடி! உப்பு தூக்கலா இருக்கே!"

சைத்தூன் பீவி மைமூனைப் பார்த்தாள். 'சொன்னேனா இல்லையா' என்று வாயால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மைமூன் மகளையே பார்த்தாள்.

"முதல் பால் இன்னும் ஊத்தலையே, பாக்கியக்கா" என்றாள் ஹிஸானா. பாலை முழுக்க ஊற்றி, ஒரு கொதி வரவிடாமல் அடுப்பை அணைத்தாள்.

பாக்கியலக்ஷ்மி மறுபடி கரண்டியை நீட்டினாள். மைமூன் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும். இனிப் பாங்கு சொன்னாப் பாக்கலாம்."

அந்தக் கால்மணி நேரம் போனதே, மைமூன் இருபத்தாறு வருஷத்தில் பொறுக்கின சுக்கையெல்லாம் ஒருதடவை எண்ணி முடித்திருக்கலாம்.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் கஞ்சி. உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆஷிக் பக்கோடாவைக் கஞ்சியில் முக்கித் தின்றான். சைத்தூன் பீவி முதல் வாய்க் கஞ்சியை நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விழுங்காமலே இருந்தாள். விழுங்கினாள். பிறகு நிமிரவே இல்லை. கோப்பை காலியான பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இன்னொரு கோப்பை ஊத்தும்மா" என்றாள். மைமூனிடம் இல்லை, ஹிஸானாவிடம்.

மொய்துவுக்குத் தாங்கவில்லை. "உப்பு எப்படி சம்பந்தி?"

"கறி இல்லாத கஞ்சி இது. உப்புல ஒரு கல்லு கூடினாலும் தெரிஞ்சிருக்கும், குறைஞ்சாலும் தெரிஞ்சிருக்கும்." இரண்டாவது கோப்பையை வாங்கிக்கொண்டாள். "ஒண்ணும் தெரியலையே!"

மைமூன் அதற்குப் பிறகுதான் தன் கோப்பையை எடுத்தாள். அவள் பிள்ளையைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் வாயில் வைத்துப் பார்க்கிற சுகம் வேறு.

பானை வழித்துத் துடைத்தாயிற்று. தொழுகை முடிந்து வேனில் ஏறும்போது சைத்தூன் பீவி மகனைக் கூப்பிட்டாள்.

"ஆஷிக், நாளைக்குக் கஞ்சிக்கு ரெண்டு கை பூண்டு வேணும்."

"சரி அம்மா, ஹிஸானாகிட்டச் சொல்றேன்."

"அவகிட்ட எதுக்குடா சொல்றே? அவளுக்கு உப்புப் போடற வேலை இருக்கு. நீ உரி."

வேன் திரும்பிப் போகிறவரை மைமூன் படியில் நின்றாள். ஜன்னலில் ஹிஸானா சிரித்த சிரிப்பு தெரு விளக்கில் தெரிந்தது.

"ஒரு பிரியாணி வாங்கியிருந்தா இவ்வளவு பாடு வேண்டாம்" என்றார் மொய்து.

"நீங்க அடுத்த வருஷம் தேதியைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மைமூன் உள்ளே போனாள்.