குமிழி நிற்கக் கூடாது

திருச்சுழியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அருப்புக்கோட்டைக்குப் பதினைந்து கிலோமீட்டர். ஏப்ரல் பாதி கடந்துவிட்டதால் வழியிலிருந்த கண்மாய்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக இருந்தது. பையில் இரண்டு சட்டை, இரண்டு கைலி, முறுக்கு. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை, அங்கிருந்து ரயிலில் சென்னை, பிறகு கப்பலில் அந்தமான். கடலுக்கடியில் போய்ப் பார்ப்பதற்காக நான் செய்யும் ஐந்தாவது பயணம் இது.

முந்தைய நான்கையும் சொல்லிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். நமக்குப் பக்கம் புதுச்சேரி. தண்ணீரின் தெளிவு நாளுக்கு நாள் மாறும். நான் போன அன்று நீட்டிய கையே மங்கலாகத்தான் தெரிந்தது. கர்நாடகத்தில் முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம். பாதிப் பேர் வாந்தியெடுப்பார்கள், நானும் எடுத்தேன். ஆனால் மேலிருந்தே பாறை தெரியும். மழைக்காலத்தில் படகு கிடையாது. கோவாவில் கிராண்ட் தீவு. மூழ்கிய கப்பல் ஒன்றின் இரும்புக்குள் மீன்கள் குடியிருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் மால்வன், செலவு குறைவு, கூட்டம் அதிகம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நம் வாசலில் இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே இறங்க விடமாட்டார்கள்.

நான்கு இடத்திலும் ஒருவர் என் முதுகிலிருந்த சிலிண்டரைப் பிடித்தபடியே வந்தார். அவர் திருப்பிய பக்கம் நான் திரும்பினேன். சந்தைக்குப் போகும் ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. கையை எடுக்கச் சொன்னால், "அட்டை இருக்கா?" என்று கேட்டார்கள். நான்கு நாள் பயிற்சி எடுத்துத் தேறினால் அந்த அட்டை கிடைக்கும். அதன்பின் எந்தக் கடலிலும் பதினெட்டு மீட்டர் ஆழம் வரை யாரும் பிடிக்காமல் போகலாம். அதை வாங்கத்தான் அந்தமான் போகிறேன்.

கப்பலில் மூன்று பகல், மூன்று இரவு. கீழ்த்தளத்து அடுக்குப் படுக்கை, டீசல் வாடை. எனக்கு மேல் படுக்கையில் அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிக்காரர் ஒருவர். போர்ட் பிளேரில் கட்டட வேலை பார்க்கும் கொத்தனார், என் வயதுதான். ஊர்ப் பேரைக் கேட்டதும் உறவாகிவிட்டார்.

"ஏலே, கடலுக்குள்ள என்னத்தத் தேடிப் போற? நகை கிகை தொலைச்சிட்டியா?"

"சும்மா பாக்கத்தான்."

"நம்ம ஊர்ல தண்ணி இருக்கான்னு ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் பாக்குறாக. நீ தண்ணிக்குள்ள போயி தண்ணி இருக்கான்னு பாக்குற. நல்லாத்தான் இருக்கு."

முறுக்கில் பாதியை அவரே தின்று தீர்த்தார். இறங்கும்போது, உயிரோடு திரும்பினால் வீட்டுக்கு வரவேண்டும் என்று விலாசம் சொன்னார்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்கு அரசுப் படகில் இரண்டரை மணி நேரம். பயிற்சிக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய். கடலோரத்தில் அறை எழுநூறு. மின்விசிறி சுற்றும், காற்று வராது. பயிற்சி தருபவர் ஜெசிந்தா, முப்பது வயதிருக்கும். போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப்பெண், தகப்பனார் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவரே கேள்விகளைத் தமிழில் வாசித்தார், நான் பதில் சொன்னேன். எழுத்துத் தேர்வு அப்படி முடிந்தது.

சிக்கல் தண்ணீருக்குள் வந்தது.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார்க் குழாயின் அடிமுனையில் புட்வால்வு என்று ஒன்று இருக்கும். அதில் சேறு அடைத்தால் தண்ணீர் ஏறாது. ஒருவன் மூச்சை அடக்கி உள்ளே போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். பல வருஷம் சுற்றுவட்டாரத்தில் அதைச் செய்தவன் நான். தலை முங்கியதும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். சிலிண்டரோடு போகிறவனுக்கு அதுதான் ஆபத்து. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். வாயில் சிலிண்டர்க் குழாய் இருந்தும் நான் அடக்கினேன்.

"அண்ணே, உங்க குமிழி நின்னு நின்னு வருது. மீனைப் பாக்குறீங்க, மூச்சை மறந்துடுறீங்க."

"நல்லா முங்குவேன் டீச்சர்."

"நல்லா முங்குறதுதான் உங்க வியாதி. டீச்சர்னு கூப்பிடாதீங்க, வயசான மாதிரி இருக்கு."

மூன்றாம் நாள் ஒரு முக்கியமான சோதனை. ஆறு மீட்டரிலிருந்து ஒரே மூச்சில், "ஆ" என்று சத்தம் விட்டபடி மெதுவாக மேலே வர வேண்டும். கீழே சிலிண்டர் காலியானால் பிழைக்கும் வழி அது. ஜெசிந்தா என் தோள்பட்டையைப் பிடித்தபடி கூடவே வந்தார். கொஞ்சம் ஏறியதும் என் சத்தம் அறுந்தது. உடனே நிறுத்திக் கீழே இறக்கினார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அறுந்ததும் படகில் ஏறச் சொல்லிவிட்டார். என்னோடு படித்த பெங்களூர்த் தம்பதி முதல் முயற்சியிலேயே முடித்திருந்தார்கள்.

"நாளைக்கும் இப்படின்னா கையெழுத்துப் போடமாட்டேண்ணே. கோவிச்சுக்காதீங்க. உங்கள அட்டையோட அனுப்பி எங்கயாச்சும் செத்தீங்கன்னா அது என் கணக்கு."

கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் திரும்பும் கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. இன்னொரு முறை வர எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவர் காலிச் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் தூக்கிக் கொடுத்தபடி, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"பேசிட்டே வாங்க. பேசுறவன் மூச்சை அடக்க முடியாதுல்ல."

"என்னத்தப் பேச?"

"யோசிக்காம வாயில வர்றது எதாச்சும். வாய்ப்பாடு?"

"அஞ்சாம் வாய்ப்பாட்டோட நின்னுரும்."

"சரியாப் போச்சு. பாட்டு?"

பாட்டும் இரண்டு வரிக்கு மேல் வராது. அப்போதுதான் நினைவு வந்தது. இளவட்ட வயதில் மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். மாட்டுத்தாவணியில் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றுவதும் என் வேலை. தூக்கத்திலும் தப்பாமல் வரும் என்று அவரிடமும் சொன்னேன். அன்று இருட்டும்வரை மணலில் நடந்தபடி ஒரே மூச்சில், நிதானமாக, இழுத்து இழுத்துக் கூவிப் பழகினேன். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

மறுநாள் காலை அதே ஆறு மீட்டர். ஜெசிந்தா மேலே போகக் கட்டைவிரலைக் காட்டினார். ஒரு மூச்சு இழுத்து, குழாயைக் கடித்தபடி தொடங்கினேன். வலையங்குளோம், காரியாபட்டீ, கல்குறிச்சீ. வார்த்தையாக எதுவும் வெளியே கேட்காது, குமிழிதான் போகும். பாளையம்பட்டியில் நெஞ்சு பழையபடி பூட்டப் பார்த்தது. வாய் கேட்கவில்லை. அருப்புக்கோட்டை என்று நீளமாக இழுத்தது. தலைக்கு மேல் வெளிச்சம் அகன்றது. மேலே வந்துவிட்டேன்.

"எந்த ஊரு வரைக்கும் வந்தீங்க?"

"பந்தல்குடி. எட்டயபுரத்துக்குக் காத்துப் பத்தல."

"பரவால்ல, இறங்கிக்கோங்க. இன்னொரு ட்ரிப் அடிச்சுக் காட்டணும்."

அடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் இளகியது.

கடைசி இறக்கம் மத்தியானம், பதினெட்டு மீட்டர். கயிற்றை ஒட்டி இறங்கினோம். அடியில் வீடு உயரத்துக்குப் பாறைகள், அவற்றைச் சுற்றி மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டம். நான் நுழைந்ததும் கூட்டம் விலகி, என்னைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரு ஆமை என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. என் குமிழிகள் காதுக்குப் பக்கத்தில் சீராகப் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் ஒருவன் கிணற்றில் இறங்கினால், அவன் மேலே வரும்வரை கிணற்று மேட்டில் ஒருவர் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் சொல்லித் தருவதில்லை, ஆள் இல்லாமல் இறங்குவதுமில்லை. அந்தப் பழக்கத்தில் நான் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டியபடி, பாறை இடுக்கில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் குமிழிச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நான் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.