கறுப்புக் குடையின் கீழே

போன வருடம் கண்டியில் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் நடந்தது இது. நான் மஹய்யாவயில் இருந்துகொண்டு ஓட்டோ ஓட்டுகிறேன். அம்பிட்டியவில் ஒரு சிங்களப் பெரியவர் எனக்கு வாடிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். மனிதரின் வாயிலிருந்து நல்ல சொல்லைத் தவிர வேறொன்றும் வராது. ஒருநாள் அவர் மகள் கூப்பிட்டார். அப்பா போய்விட்டார், நான் திரும்ப வெளிநாடு போகவேண்டும், சூட்டியை என்ன செய்வது என்று அழுதார். சூட்டி அவருடைய நாய். முழுதாக வளர்ந்தும் பூனை அளவுதான் இருக்கும். மறு பேச்சில்லாமல் தூக்கி வந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டின் பின்பக்கத்தில், வாடகைக்கு. அவர்கள் வழக்கப்படி அக்காவுக்குத் தாத்தா என்று பெயர். நாங்களும் அந்த அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வெளியே போக இரண்டு வீட்டுக்கும் ஒரே நடைதான். செருப்பு, தாத்தாவின் குடை எல்லாம் அங்கேதான் இருக்கும். "அசிங்கம் பண்ணாம பாத்துக்கோங்க" என்ற ஒரே நிபந்தனையோடு நாயை ஏற்றுக்கொண்டார்.

சூட்டியோ அந்த ஒன்றைத்தான் செய்தது. விடியும்போது ரோட்டோரம் கூட்டிப்போவேன். காலைத் தூக்காமல், குந்தாமல், கல் மாதிரி நிற்கும். வீட்டுக்குள் வந்ததும் நேரே நடைக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து மெல்ல முனகும். கொஞ்ச நேரத்தில் அங்கேயே நனைத்துவிடும். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

"இதுக்குத் தமிழ் வெளங்கலைங்க. அந்த வீட்ல சிங்களந்தானே" என்று மனைவி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து இருவரும் வாசலில் நின்று "எளியட்ட யன்ன" என்று வெளியே போகச் சொல்லிக் கெஞ்சினோம். அது ஒரு காதை மட்டும் தூக்கிக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, "அஞ்சில வளையாதது அம்பதுல வளையுமா, தம்பி?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

தாத்தா எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் தொழுகைக்குக் கழுவிய காலோடு நடையில் அந்த ஈரத்தை மிதித்துவிட்டார். கத்தவில்லை. "நான் கல்நெஞ்சுக்காரி இல்ல, தம்பி. ஆனா இது தொழுற ஊடு. நான் எங்க கால வெக்கிற?" என்று கேட்டார். பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் மச்சானிடம் பேசினேன். கடைக்குப் பின்னால் கட்டிவைக்கச் சம்மதித்தான். கட்டிப்போட்டால் அந்தச் சின்ன உயிர் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கொண்டுபோகிற அன்று காலையிலும் மழை. சூட்டியை அதன் பழைய போர்வையோடு ஓட்டோவில் வைத்தேன். மனைவி வெளியே வரவேயில்லை. தாத்தாதான் ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு வந்தார். "வழியில குடுங்க. அதுவும் அல்லாஹ்ட படைப்புத்தானே" என்றபடி, வளைந்த பிடி வைத்த அந்த நீளமான கறுப்புக் குடையை விரித்தார்.

சூட்டி ஓட்டோவிலிருந்து குதித்தது. ஓடிப்போய்க் குடைக்குக் கீழே நின்றது. பட்டுவிடுமோ என்று தாத்தா சேலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி நகர்ந்தார். அதுவும் கூடவே நகர்ந்தது. ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கான் பக்கம் வந்ததும் ஒழுங்காகக் குந்தி, வேலையை முடித்தது. பிறகு குடைக்குள் அண்ணாந்து தாத்தாவின் முகத்தைப் பார்த்தது. வாலாட்டிக்கொண்டேதான் பார்த்தது. வால் மெல்ல நின்றது.

நாங்கள் இருவரும் திரும்பி நடையைப் பார்த்தோம். சுவரில் அந்தக் குடை மாட்டும் ஆணிக்கு நேர் கீழேதான் அது இவ்வளவு நாளும் உட்கார்ந்திருக்கிறது.

பெரியவரின் மகளுக்கு அழைத்துச் சொன்னேன். "அப்பாவுக்குக் கைத்தடி பிடிக்க வெட்கம். வெயிலோ மழையோ, குடையைத்தான் ஊன்றிக்கொண்டு அதைக் கூட்டிப்போவார். சொல்ல மறந்துபோனேன்" என்றார். என் ஓட்டோவில் ஏறும்போதெல்லாம் பெரியவர் கையில் இதே மாதிரி ஒரு கறுப்புக் குடை இருந்தது. மழைக்கென்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஊட்டுக்குள்ள கொண்டு போங்க" என்றார் தாத்தா. குடையையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இப்போது நடை காய்ந்து கிடக்கிறது. சுள்ளென்ற வெயிலிலும் நான் கறுப்புக் குடையோடு போவதைப் பார்த்து, "என்னண்ணே, கறுத்துருவீங்களா?" என்று ஓட்டோ ஸ்டேண்டில் கேலி செய்வார்கள். வளையாத நாய் என்றோமே, அது எப்போதோ அழகாக வளைந்திருந்தது, வேறொரு கைக்கு. இன்றைக்கும் வேலை முடிந்ததும் குடைக்குள் அண்ணாந்து பார்க்கும். நான்தான் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடக்கும். புது இடத்துக்கு நன்றாகப் பழகிவிட்டார்கள் என்று யாரைப் பற்றிச் சொல்லக் கேட்டாலும், எனக்கு அந்த அண்ணாந்த முகந்தான் ஞாபகம் வருகிறது.