வாழைக்கு இருந்த உரிமை

இப்போதும் அந்த எம்.பி. அம்மா அவையில் பேச எழுந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கிறேன். அதை நான் தமிழில் சொல்ல, கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. வடமாநிலத்துக்காரர், நம் பக்கம் ஓட்டுக் கேட்கக்கூட வராதவர். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளச் சட்டம் வேண்டும் என்று கேட்கிறவர். முதல் தடவை அவர் கேட்டபோது சுற்றிலும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றார். முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நானாக இருந்தால் மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அந்த நிதானத்துக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை எனக்கு. டூரிஸ்ட்டுகளிடம் கற்ற இந்தியை வைத்து அவர் பேச்சை அவனுக்குச் சொல்வேன். அவன் பூம்பாறையில் பூண்டு விவசாயி. வாரத்தில் பாதி நாள் என் அறையில்தான் இருப்பான். ஊர்க் கண்ணுக்கு நாங்கள் வெறும் கூட்டாளிகள். அவன் வீட்டில் பெண் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

“ஏலே, அந்தம்மா மட்டும் நம்ம பக்கம் வரட்டும், ஒரு மூட்டைப் பூண்டு குடுத்து அனுப்புவேன்” என்பான்.

“மொதல்ல உங்க அம்மாகிட்ட நம்ம விஷயத்தச் சொல்லு. பூண்ட அப்பறம் குடுக்கலாம்.”

“சட்டம் வரட்டும்லே. கவருமெண்டே ஒத்துக்கிருச்சுன்னா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. பழனி அடிவாரத்துல வச்சே மாலை மாத்திக்கலாம்.”

அரசாங்கம் சொன்னால் அம்மா கேட்பாள் என்று நம்பியவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அந்த எம்.பி. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். சட்டம் வரவில்லை. போன தை மாதம், வெள்ளனே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவனைக் காட்டுமாடு முட்டிப் போட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

நான் போனபோது குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டியிருந்தார்கள். அழுகையைக்கூட அளந்துதான் அழ வேண்டியிருந்தது, ஒரு கூட்டாளிக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு. அவனுடைய தாய்மாமன் பேச்சை எடுத்தார்.

“கல்யாணமாகாத ஒடம்ப அப்பிடியே கொண்டுபோகக் கூடாது. வாழைக்குத் தாலி கட்டித்தான் அனுப்பணும்.”

அவர்கள் வழக்கம் அது. பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்கதான் அவனுக்கு ரொம்ப நெருக்கம். வெரசாப் போயி ஒரு வாழை வெட்டிட்டு வந்துருங்க.”

பூம்பாறைக் குளிரில் நல்ல வாழை கிடைக்காது. ஜீப்பில் கீழே இறங்கி, ஒரு மலைவாழைத் தோட்டத்தில் கேட்டு, இளசாக ஒன்றை வெட்டி என் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனது நான்தான். வழியெல்லாம் அந்த எம்.பி. அம்மாமேல்கூடக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கக் கூடாதா? அவர் என்ன செய்வார், பாவம். எங்களைப் பற்றி அங்கே வாயைத் திறந்ததே அவர் ஒருவர்தான்.

வாழைக்கு மஞ்சள் சேலை சுற்றினார்கள். சாயாமல் யாராவது பிடிக்க வேண்டும், நான் பிடித்துக்கொண்டேன். மாமன் அவனுடைய விறைத்த கையைத் தூக்கித் தாலியைத் தொடவைத்து, அவனுக்காக இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. அவன் தங்கை வந்தாள். அவளுக்கு இடம்விட்டு நான் கையை விலக்கப் போனேன்.

“கைய எடுக்காதீங்கண்ணே” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

என் விரலையும் சேர்த்தே அந்த மஞ்சள் கயிற்றை இறுக்கி முடிந்தாள். எங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“தம்பி, விடுங்க, நேரமாகுது” என்றார் மாமன்.

கயிற்றிலிருந்து விரலை உருவிக்கொண்டேன். வாழையை அவன் பக்கத்தில் படுக்கவைத்துப் பாடையோடு சேர்த்துக் கட்டினார்கள். பெண்டாட்டி என்று அது அவனோடு போயிற்று. நான் கூட்டாளிகளோடு பின்னால் நடந்தேன்.