வெடிக்கு முன்னால் பறந்த வாத்துகள்

போன வருடம் தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்த நேரம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய், ஐப்பசி மழையில் நிரம்பிக் கிடந்தது. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கச் சொன்னால் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். அன்று என் மனைவியும் வந்திருந்தாள்.

தண்ணீர் ஓரம் வரித்தலை வாத்துகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலையைத் தாண்டி வருகிறவை. எங்கள் பக்கம் அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் கரையில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டாசு கம்பெனி ஆட்கள், கூடவே வெளியூர் வியாபாரி ஒருவர். புது வெடி செய்தால் வியாபாரிக்கு வெடித்துக் காட்டித்தான் ஆர்டர் வாங்குவார்கள். பக்கத்தில் வீடு இருக்கக் கூடாது என்று கண்மாய்க் கரைக்கு வந்துவிடுவார்கள். ஃபோர்மேன் பெட்டியை இறக்கினார். ஒரு வெடி போதும், இந்த வாத்துகள் அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கரைமேல் ஓடி வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரும் விடவில்லை.

“ஏவாரி மத்தியானம் ரயிலேறணும். ஒங்க வாத்துக்காக எங்க ஆர்டர விடச் சொல்றீகளா?”

“வெடிய வச்சுப் பாருலே” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கண்மாயில் சடசடவென்று சத்தம். மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது.

“அண்ணாச்சி, நாங்க இன்னும் திரியே கிள்ளல” என்றார் ஃபோர்மேன். “ஒங்க தொண்டைய டப்பாவுல போட்டா அம்புட்டும் வித்துரும் போல.”

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது.

ஆனால் வாத்துகள் போகவில்லை. வளைந்து திரும்பி எங்கள் தலைக்கு மேலேயே தாழப் பறந்தன. இறக்கை காற்றைத் தள்ளுவது காதில் கேட்டது. வியாபாரி உட்பட எல்லோரும் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றோம். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கின.

என் மனைவி பைனாகுலரை ஃபோர்மேனிடம் நீட்டினாள். வாங்கியவர் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. “நாங்களும் மனுசங்கதான், குடுங்க” என்று மற்றவர்கள் பிடுங்காத குறை. கடைசியில் வியாபாரிதான் கை காட்டினார், வேறு இடம் போகலாம் என்று.

“பெட்டிய ஏத்துங்கப்பா. கல்குவாரில போட்டுக் காட்டுவோம்” என்றார் ஃபோர்மேன், கிசுகிசுப்பாக. போகும்போது என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

இந்த வருடம் மழை விட்டதும் அவரே கூப்பிட்டார். “ஒங்க ஆளுக வந்துட்டாக. வாங்க அண்ணாச்சி, வாய மட்டும் தொறக்காதீக.”

கத்தினால்தான் காரியம் நடக்கும் என்று இருந்தவன் நான்; வீட்டிலும் அச்சகத்திலும் இன்றும் கத்துகிறேன்தான், ஆனால் அந்தக் கரையில் ஏறும்போது செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.