அவர் பக்கத்தில் விட்ட இடம்

எங்கள் ஊரில் கறுப்புக்கொடிப் போராட்டத்துக்கு மாதத்தில் ஒரு நாள் லீவு இருந்தது. பௌர்ணமி அன்று. கிரிவலம் வருகிற ஜனம் எங்கள் ஊர் முனையில் நின்று மோரும் இளநீரும் குடிக்கும், கால் கடுத்தவர்கள் கடைப் பெஞ்சில் உட்காருவார்கள். எழவு வீடு மாதிரி வரிசையாகக் கறுப்புத்துணி தொங்கினால் எவன் வந்து உட்காருவான்? அதனால் முதல் நாள் சாயங்காலமே கொடிகளை அவிழ்த்து மடித்து வைப்பார்கள். பௌர்ணமி முடிந்ததும் மறுபடி கட்டுவார்கள். எதிர்ப்பு எதிர்ப்புதான், ஆனால் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு இல்லை.

நான் மட்டும் அவிழ்க்கவில்லை. பிடிவாதக்காரி என்றார்கள். பாதி பிடிவாதம்தான். மீதி, ஸ்டூல் மேல் ஏறி இறங்க எனக்கு இருக்கும் சோம்பேறித்தனம். ஒரு பௌர்ணமிக்குத் தண்ணீர் கேட்டு வந்த வெளியூர் அம்மா கொடியைப் பார்த்துத் தயங்கினாள். "யாரும்மா போனது?" என்றாள். "இன்னும் யாரும் போகலம்மா. போறவளுக்கு எடம் கேட்டுத்தான் கட்டியிருக்குது" என்றேன். செம்பைக் கையில் வாங்காமலே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சொன்னதென்னவோ நிஜம்.

நகரம் மாநகராட்சி ஆகிறது, சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது நான் சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது. கூடவே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். இத்தனை காலம் விவசாயம் என்று பச்சையாக இருந்த எங்கள் பக்கம் முழுக்க மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. அதன் நடுவே அகலமாக ஒரு ரோடு. நிலம் வைத்திருந்தவர்கள் கொதித்துப்போய்க் கமிட்டி போட்டு, வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டினார்கள். வரி ஏறும் என்றார் ஒருவர். நூறு நாள் வேலை போய்விடும் என்றார் இன்னொருவர். ரோட்டுக்கு எவன் நிலம் போகும் என்பது எல்லாருக்கும் பொதுவான பயம். நிலத்தை விற்கவே மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. விற்றால் நம் இஷ்டத்துக்கு, நம் விலைக்கு விற்க வேண்டும் என்பதுதான் கட்சி. அதிலும் தப்பில்லை. வேர்க்கடலை போட்டு மாடி வீடு கட்டியவனை நான் பார்த்ததில்லை.

என் கவலை வேறு. எங்கள் ஜனத்தில் செத்தவர்களை அவரவர் நிலத்திலேயே அடக்கம் செய்வது வழக்கம். கிராமத்தில் அதை யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் ஒன்றரை ஏக்கரில், கிணற்றுக்கு மேற்கே, புங்கமரத்தடியில் இருக்கிறார். அடக்கத்துக்குப் பெண்கள் போகக்கூடாது என்பதால் கருமாதி முடிந்த பிறகுதான் நான் அந்த இடத்தைப் பார்த்தேன். கூட வந்து காட்டியவர் என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி. "வரப்புல இருந்து தள்ளித்தான் குழி எடுக்கச் சொன்னேன் அண்ணி. பக்கத்துல உங்களுக்கு எடம் வுட்டிருக்குது" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன். அன்றைக்கு அந்த ஒரு பேச்சுதான் என்னை எழுந்து நடக்க வைத்தது.

அதற்குப் பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். ஒருத்திக்கு உலை வைப்பது எவ்வளவு அலுப்பு என்பது வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை டம்ளர் அரிசி பாத்திரத்தின் அடியில் கிடப்பதைப் பார்த்தாலே பசி போய்விடும். காய்ச்சல் வந்தால் நானே எழுந்து வெந்நீர் போட்டு, நானே "குடி" என்று சொல்லிக் குடிப்பேன். அப்போதெல்லாம், இது கொஞ்ச காலத்துக்குத்தான், அப்புறம் நமக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஊர் மாநகராட்சிக்குள் போனால் அந்த இடம் எனக்குக் கிடைக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இதை மகனிடம் பேச முடியாது. அவன் பெங்களூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "மஞ்சள் ஆனா நல்லதுதானம்மா, ரேட்டு ஜாஸ்தியாகும்" என்பான். பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒன்று பயந்துபோவான், இல்லை லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவான். இரண்டும் வேண்டாம் என்று, மழை பெய்ததா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

போராட்டம் எனக்குப் பிடித்திருந்தது. கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் போடும்போது ஆண்களெல்லாம் திட்டில் உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி வரும். மனு எழுதத் தெரிந்தவள் என்ற மரியாதை. திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலுக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, வேன் பிடித்துப் போவோம். கொழுந்தன் வாசலில் நின்று, "அண்ணி, வண்டி வந்துட்டுது, சீக்கிரம் வாங்க" என்று குரல் கொடுப்பார். போகிற வழியெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல், வரும்போது டீயும் மசால்வடையும். என்னை அழைத்துப்போக ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்தச் சத்தத்துக்காகக் காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு காத்திருப்பேன்.

மனுவில் நான் எழுதியதெல்லாம் அவர்கள் கவலைகள். வரி, வேலை, ரோடு. என்னுடையதை எழுதவில்லை. பேரன் எடுத்தவள், புருஷன் பக்கத்தில் படுக்க இடம் வேண்டும் என்று எந்த வார்த்தையில் எழுதுவாள்? வெட்கமாக இருந்தது.

கடைசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பெரிய ஹால், மின்விசிறி, மைக். எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நன்றாகவே பேசினார்கள். இன்னும் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்துவிட்டது. மைக் என்னிடம் வந்த பிறகு திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"எங்க ஊரு மாநகராட்சில சேர்ந்துட்டா எங்களை எங்க நெலத்துலயே அடக்கம் பண்ணலாமாங்க? என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு. பக்கத்துல எனக்கு எடம் இருக்குது" என்றேன்.

அதிகாரி சின்ன வயதுப் பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துப் பதில் சொன்னாள். "இப்ப இருக்கற சமாதிய யாரும் தொடமாட்டாங்கம்மா. ஆனா சேர்ந்ததுக்கு அப்புறம் புதுசா பண்ண முடியாது. அதுக்குன்னு ஒதுக்குன எடத்துக்குத்தான் போகணும்." என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "தகன மேடை நல்லா வச்சிருக்காங்கம்மா" என்றும் சேர்த்துக்கொண்டாள். நல்ல பெண். நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் கொழுந்தன் என்னை ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? நெலத்துல பொணம் இருக்குதுன்னு மைக்ல சொன்னா நாளைக்கு எவன் வந்து மனை வாங்குவான்? உள்ள எத்தினி புரோக்கர் ஒக்காந்திருந்தான் தெரியுமா? ஊருக்கே ரேட்டு கம்மியாப் போவும்."

"இருக்கறதத்தான சொன்னேன். உன் நெலத்துலதான மாமாவும் அத்தையும் இருக்காங்க?"

அவர் வேன் நிற்கிற பக்கம் பார்த்தார். "அதெல்லாம் சமம் பண்ணியாச்சு அண்ணி" என்றார்.

அவர் பங்கு ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கிறது, நான் அங்கே போய் வருஷக்கணக்காகிறது. என் மாமனார் மாமியார் மேல் ஜேசிபி ஓடியது எனக்குத் தெரியாது. அவர் மட்டுமில்லை, கமிட்டியில் இருந்த பாதிப் பேர் சத்தமில்லாமல் அதைச் செய்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் மூடி வைத்ததை நான் ஒருத்தி மைக்கில் திறந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்களே, அதுதான்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. டீக்கு நிறுத்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேன் எங்கள் தெருவுக்கு வரவில்லை, முனையிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. அன்று அழுதேன். புருஷன் செத்த வீட்டுக்குக்கூட ஊர் வந்து உட்கார்ந்தது. இதற்கு யார் வருவார்கள்?

சில மாதம் கழித்து ரோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்தார்கள். நிலம் தப்பியவர்கள் சமாதானமானார்கள். ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்த பிறகுதான் இணைப்பு, அதுவரை எல்லாம் பழையபடியே என்று அறிவித்தார்கள். அந்தப் பௌர்ணமிக்கு அவிழ்த்த கொடிகளை யாரும் திரும்பக் கட்டவில்லை.

அதுவரை பழையபடி. அந்த வார்த்தையை நான் பல நாள் மென்றுகொண்டிருந்தேன். அதற்குள் போய்விட்டால் எனக்கு இடம் உண்டு. அதற்குப் பிறகு போனால் இல்லை. இப்படி ஒரு கெடுவோடு மனுஷிக்கு வாழ்க்கை அமையும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்போது பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, இதயம் நல்லா இருக்கு. இந்த வயசுல இப்படி ரிப்போர்ட் பார்க்கறதே கஷ்டம்மா."

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமே இல்லம்மா. எதுக்குக் கவலைப்படறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னேன். "சூப்பர்மா! நூறு வயசு இருப்ப" என்றான். பெற்ற பிள்ளை வாயார வாழ்த்துகிறான், எனக்கு "உம்" என்பதற்குமேல் வரவில்லை.

அந்த வாரம் நல்ல மழை. மழை விட்ட மறுநாள் காலையில் விதைக்கடலையை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உடைத்துக்கொண்டே போனவள், பசி எடுத்துப் பழைய சோற்றைக் கரைத்துப் பச்சை மிளகாயோடு ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சாக ஆசையே இல்லை. அவர் பக்கத்தில் போக வேண்டும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன், கெடு வைத்துக் கூப்பிட்டால் காலை எடுத்து வைக்க மனசில்லை. கடலை முளைப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறதாம், அதையும் பார்க்க வேண்டும்.

டிராக்டர்காரரிடம் உழவுக்குச் சொல்லிவிட்டு நிலத்துக்குப் போனேன். புங்கமரத்தடியில் மண் ஈரமாக இருந்தது. சுற்றிலும் ஆள் இல்லாததால் வாய்விட்டே சொன்னேன்.

"ஏங்க, ரிப்போர்ட்டெல்லாம் நல்லா வந்துட்டுதுங்க. நீங்க தனியாத்தான் இருக்கணும்."