மாமா நிறுத்திய இடம்

எழுபதுகளின் கடைசியில், நான் கலியாணம் முடித்துக் கல்முனைக்குக் குடிவந்த புதிதில் தொடங்கிய கதை இது. எங்கள் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். நான் பிறந்து வளர்ந்தது சம்மாந்துறை. கல்முனைக்குச் சைக்கிளில் மிதித்தே வந்துவிடலாம். ஆனாலும் கையில் ஒரு பெட்டியோடு அந்த வீட்டு விறாந்தையில் ஏறிய அன்று, ஏதோ கப்பலில் வந்து இறங்கியவன் மாதிரித்தான் முழித்துக்கொண்டு நின்றேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கோ விருந்து முடியவேயில்லை, அதுதான் பிரச்சினை. பொரித்த மீனில் நடுத்துண்டு எனக்கு. உட்கார வீட்டிலிருந்த நல்ல கதிரை எனக்கு. தாகம் எடுத்துக் குசினிப் பக்கம் போனால், "ஐயோ, மருமகன் ஏன் இஞ்சால வாறீங்க, கூப்பிட்டாக் கொண்டு வரமாட்டமா?" என்று மாமி பதறுவார். ஒரு குவளைத் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடிக்க முடியாத வீடு எப்படி என் வீடாகும்?

மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, இன்னும் ஒரு படி மேல். நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்தவர். உயரமான ஆள், வாய் திறந்தால் ஏதோ நட்டம் வந்துவிடும் என்பது போல இருப்பார். அந்தக் காலத்தில் மாமனும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது குறைவு. அது மரியாதை. நான் முன்வாசலால் நுழைந்தால் அவர் பக்கக் கதவால் வெளியேறுவார். எது சொல்வதானாலும் என் மனைவி வழியாகத்தான். "வாப்பா செல்றாரு, நாளைக்கி ஜும்ஆவுக்கு நேரத்தோட போகட்டாம்." "சரியெண்டு வாப்பாட்டச் செல்லு." ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இப்படி. பாவம், அவள்தான் எங்களுக்குத் தபால்காரி.

இப்படியிருக்க ஒருநாள் பின் வளவில் மாமா மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மருமகன் எந்நேரமும் புத்தகத்துக்குள்ள தலய வெச்சிக்கிட்டு இரிக்காரு. இப்பிடி இரிந்தாக் குடும்பம் எப்பிடிப் போறது?"

சுருக்கென்று குத்தியது. எனக்கு ரோசம் மூக்குக்கு மேலே. இரும்புச் சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறவன் எப்படி ஒரு வயல்காரரின் கண்ணில் ஆம்பிளையாகத் தெரிவான் என்று மனம் புழுங்கியது. இந்த மனிதருக்கு நான் ஒருநாளும் சொந்தப் பிள்ளை ஆகப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அந்த நாட்களில் ஊரே சவூதி, சவூதி என்று கதைத்துக்கொண்டிருந்தது. நானும் போய் ஓர் ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமா சொன்ன அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்த விதமே ஒரு வேடிக்கை. ஆணி சுற்றிக் கொடுக்கக் கடைக்குப் பழைய கடதாசிக் கட்டு வரும். அப்படி ஒரு கட்டுக்குள் அட்டையும் முதல் தாள்களும் இல்லாமல் ஒரு தடித்த நாவல் கிடந்தது. பெயரும் தெரியாது, எழுதினவரும் தெரியாது. தம்பி ஏமாற்றிக் காணியை எழுதி எடுத்ததால் மனம் வெறுத்து ஊரைவிட்டுப் போன ஓர் அண்ணனின் கதை. அவன் திரும்பி வருவானா மாட்டானா என்பதுதான் கதை முழுக்க. இரண்டு பக்கம் படித்தேன், ஆணிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அதை முன் யன்னல் கட்டின் மேல் வைத்திருப்பேன். விட்ட இடத்தில் ஒரு பஸ் டிக்கட். ஒருநாள் புத்தகத்தைத் திறந்தால், என் டிக்கட்டுக்குச் சில தாள்கள் முன்னால் விரல் நீளத்தில் ஒரு சிவப்புப் பன். பின் விறாந்தையில் மாமி பாய் இழைப்பார். அதற்குச் சாயம் போட்டு வைத்திருக்கும் பன்புல்தான். மனைவியைக் கேட்டேன். "எனக்கு எங்க வாசிக்க நேரம்?" என்றாள். மாமிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. அடுத்த நாள் பார்த்தால் சிவப்புப் பன் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் என் டிக்கட்டையும் தாண்டிப் போய்விட்டது! எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். என் புத்தகத்தில் என்னை முந்துகிறது யார்?

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது வேலிக்கு மேலால் கண்டேன். மாமா. நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியோடு யன்னல் ஓரம் நின்றபடி, உதடு அசைய அசைய வாசித்துக்கொண்டிருந்தார். என் சைக்கிள் சத்தம் கேட்டதும், களவு பிடிபட்டவர் போலப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பக்கக் கதவால் நழுவினார்.

அன்று சாப்பிடும்போது எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. 'எந்நேரமும் புத்தகத்துக்குள்ள தலய வெச்சிக்கிட்டு' என்று சொன்ன மனிதர்! ஆனால் அடுத்த நாளிலிருந்து நானும் ஒரு வேலை செய்தேன். தெரு முனையிலேயே சைக்கிள் மணியை அடிப்பேன். பிறகு ஆறுதலாக உருட்டிக்கொண்டு வருவேன். அவர் அந்தப் பக்கத்தை முடித்துக்கொள்ளட்டும் என்றுதான்.

பிறகு ஒரு காலை, நான் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது மனைவி வந்தாள். "வாப்பா செல்றாரு, புத்தகத்த வெளிய கொண்டு திரிஞ்சா மழையில நனைஞ்சிருமாம். வீட்டுல வெச்சிட்டுப் போகட்டாம்." வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் அதை யன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

இன்னொரு நாள் அவள் குழம்பிப்போய் வந்தாள். "வாப்பா கேக்காரு, தம்பி ஒருத்தன் காக்காட காணிய ஏமாத்தி எழுதி எடுத்தா அது ஹராம்தானே எண்டு. ஆருட காணி இது?" எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

"ஹராம்தான். ஆனா காக்கா ஊர விட்டுப் போனதும் பிழையெண்டு செல்லு."

போனவள் உடனே திரும்பி வந்தாள். "போகாம என்ன செய்யிறதாம்? மானம் கெட்டு இரிக்கயாமா? அல்லாஹ்வே, உங்க ரெண்டு பேருக்கும் வாய் இல்லையா?"

இப்படித்தான் நாங்கள் கதைத்தோம். ஆனாலும் மனதில் அந்த முள் இருந்தது. அவருக்குச் சினேகம் புத்தகத்தோடுதான், என்னோடு இல்லை என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று விசா வந்துவிட்டது. மனைவி அப்போது பிள்ளை வயிற்றோடு இருந்தாள். அழுதுகொண்டே என் பெட்டியை அடுக்கியவள் உடுப்புகளுக்கு மேலே அந்தப் புத்தகத்தையும் வைத்திருந்தாள். நான் பாதிக்குமேல் வாசித்திருந்தேன். சிவப்புப் பன் அப்போது மறுபடி என் டிக்கட்டுக்குக் கொஞ்சம் பின்தங்கி நின்றது. மாமாவுக்கு நெல் வெட்டுக் காலம், வயலும் காவல் வாடியுமாகத் திரிந்தார், வாசிக்க நேரமில்லை. அவர் விறாந்தையில் அங்கும் இங்கும் நடப்பது தெரிந்தது. நான் புத்தகத்தை எடுத்து யன்னல் கட்டிலேயே திரும்ப வைத்தேன். பஸ் ஏறும்போது மாமா ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார். பார்வை வேறெங்கோ இருந்தது.

சவூதியில் ஒரு கட்டட வேலைத்தலத்தில் ஸ்டோர் பார்க்கிற வேலை. சுற்றிவர மணல். வாசிக்க ஒரு துண்டுத் தமிழ் கிடையாது. என் அறையில் மட்டக்களப்பு அண்ணன் ஒருவர் இருந்தார், மேசன். அவருக்குப் பொழுதுபோக நான் அந்தக் கதையைத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "பொறகு என்ன நடந்த? அண்ணன்காரன் வந்தானா?" என்று என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். மீதிக் கதை எனக்கும் தெரியாதே!

அந்தக் காலத்தில் ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் கசட்டில் குரல் பதிந்து அனுப்புவார்கள். நானும் மனைவிக்கு ஒன்று பதிந்து அனுப்பினேன். முடிவில், 'வாப்பா அந்தப் புத்தகத்தை முடித்தாரா என்று கேள்' என்றும் சொல்லியிருந்தேன். சில மாதம் கழித்துப் பதில் கசட் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து போட்டோம். ஒரு பக்கம் முழுக்க மனைவி, மாமியின் துஆ, நான் இன்னும் முகம் காணாத என் மகளின் அழுகை. நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

மற்றப் பக்கத்தைத் திருப்பினால் கொஞ்ச நேரம் சத்தமேயில்லை. பிறகு ஒரு செருமல்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மருமகன். நான் மாமா கதைக்கன். நீங்க பஸ் டிக்கட் வெச்ச இடத்துல இரிந்து வாசிக்கன். சத்தம் காணாட்டிக் கூட்டி வெச்சிக்கங்க."

நான் சத்தத்தைக் கூட்டினேன். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் போல ஒவ்வொரு சொல்லாக அழுத்தி வாசித்தார். இடையிடையே நிறுத்தி, "இவன் ஒரு மடையன், விளங்குதா?" என்பார். பின்னால் காகம் கத்தியது. ஓர் இடத்தில் மாமி எதற்கோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. உடனே மாமா, "கொஞ்சம் பொறுங்க. நான் இஞ்ச மருமகனோட கதைச்சிக்கிட்டு இரிக்கன்" என்றார்.

மருமகனோடு கதைத்துக்கொண்டிருக்கிறாராம்! நான் அந்த இடத்தை எத்தனை தரம் பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டேன் என்று மட்டக்களப்பு அண்ணனைத்தான் கேட்கவேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று அவருக்குத் தெரியாது. "விடு தம்பி, கதைய மேல ஓடவிடு" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு கசட் வரும், அதன் மறுபக்கம் மாமா இருப்பார். அறையில் கூட்டம் சேரத் தொடங்கியது. கதையில் அந்த அண்ணன் பட்ட பாடுகளைக் கேட்டு, பாட்டன்மார் வயதில் இருந்தவர்களும் 'உச்' கொட்டினார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் முடியும் நேரம் வந்த கசட்டில் மாமா பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"இனிக் கடைசி அத்தியாயம் மட்டும்தான் இரிக்கி. அத நான் இன்னும் வாசிக்கல்ல. நீங்க வந்தாப் பொறகு பாப்பம், இன்ஷா அல்லாஹ்."

மீதி நாடா வெறுமனே ஓடியது. அறையில் இருந்தவர்கள் மாமாவை ஏசின ஏச்சு கொஞ்சமில்லை.

ஒப்பந்தத்தை நீட்டித் தருவதாகக் கம்பனியில் சொன்னார்கள். மட்டக்களப்பு அண்ணன் ஒப்பம் வைத்தார், அவருக்கு வீட்டில் கடமைகள் இருந்தன. நான் வைக்கவில்லை. ஓர் அத்தியாயத்துக்காக வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். மகளைக் காணவேண்டும், மனைவியைக் காணவேண்டும், எல்லாம்தான். ஆனால் அந்த அத்தியாயமும் இல்லையென்று சொல்லமாட்டேன். புறப்படும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வந்தானா இல்லையா எண்டு கட்டாயம் எழுது தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து, மகளைத் தூக்கிக் கொஞ்சி, அவள் என்னைக் கண்டு பயந்து அலறி, எல்லாம் அடங்கிய பின்னேரம் முன் விறாந்தைக்குப் போனேன். மாமா பாயில் இருந்தார். வழக்கம்போல எழும்பிப் பக்கக் கதவால் போவார் என்று நான் ஒதுங்கினேன். அவர் எழும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். யன்னல் கட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பஸ் டிக்கட்டும் சிவப்புப் பன்னும் ஒரே பக்கத்தில் இருந்தன.

"வாசிங்க. நான் கேக்கன்."

வாசித்தேன். கதையில் அண்ணன் திரும்பி வரவில்லை. எங்கோ ஒரு தூர ஊரில், தன் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் விளங்காத மனிதர்களுக்கு நடுவில் தனியே கண்ணை மூடுகிறான். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சாரன் நுனியால் துடைத்தார்.

"அவன் வரல்லயா?" என்றார். "சரி, அவன் வராட்டி என்ன? நீங்க வந்திட்டீங்கதானே. எழும்புங்க, சாப்பிடுவம்."

அன்றைக்குத்தான் முதன்முதலாக நானும் அவரும் ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டோம். தண்ணீர் எடுக்க நானே குசினிக்குப் போனேன். மாமி தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மனைவியிடம், "வாப்பாக்கு நல்ல பொறுமை. ஒரு அத்தியாயத்த வாசிக்காம வெச்சிருந்தாரே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஆரு வாசிக்காம வெச்ச? நீங்க போய் ஒரு கிழமையில வெட்டு முடிஞ்ச கையோட அவரு முழுசா வாசிச்சி முடிச்சிட்டாரு. வாசிச்சிட்டு அண்டைக்கிச் சோறும் தின்னல்ல. 'இத கசட்டுல வாசிக்க ஏலா. தனிய இரிக்கிற புள்ள, கேட்டா மனசு உடைஞ்சி போகும், வரட்டும்' எண்டு செல்லிட்டாரு."

தனியே இருக்கிற புள்ள. அந்த வீட்டில் ஒருநாளும் பிள்ளை ஆகமாட்டேன் என்று ரோசப்பட்டுக் கடல் தாண்டிப் போனவனை, போன ஒரு கிழமையில் அந்த மனிதர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது.

அடுத்த நாள் மட்டக்களப்பு அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எல்லாம் எழுதி, கதையின் முடிவுக்கு வந்ததும் பேனை நின்றது. அவர் இன்னும் அந்த மணலுக்குள்தான் இருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'கடைசி அத்தியாயத்தை நானும் இன்னும் வாசிக்கவில்லை அண்ணன். நீங்கள் ஊருக்கு வந்ததும் கல்முனைக்கு வாருங்கள், மாமாவோடு சேர்ந்து வாசிப்போம்.'

அவர் வந்தார். வந்த அன்று மாமா பாயில் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்.

இப்போதும் யாருக்காவது நான் வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், அந்த ஆள் இப்போது எங்கே, யாரோடு, எந்த மனதோடு இருக்கிறார் என்று ஒரு கணம் யோசிக்கிறேன், மாமா என்னை நினைத்து அந்த இடத்தில் நிறுத்தியது போல.