நிமிர்ந்து உட்கார்ந்த மனிதர்

என் வீட்டுக்காரருக்குப் படித்தவர்களைக் கண்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். வீட்டில் மூட்டை மாதிரி சரிந்து கிடக்கிறவர், டாக்டர் முன்னால் போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை ஆகிவிடுவார். அந்த மரியாதை எங்களை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

புற்று வந்து அவருடைய மூத்திரப்பையை எடுத்தபோது, சிறுநீர் வெளியேற வலது வயிற்றில் ஒரு துளை வைத்தார்கள். அதன்மேல் பை ஒட்ட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே அந்த இடத்தைப் பேனாவால் குறிக்க, சிஸ்டர் உட்காரச் சொல்லியிருக்கிறார். இவர் வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வெளியே இருந்தேன். வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டுக் குனிந்து சாப்பிட்டால், துளை சரியாக வயிற்று மடிப்புக்குள் போய்விட்டது. பை பிய்ந்துகொண்டு வந்தது.

அதோடு விட்டதா? துளையைச் சுற்றிக் குடல் பிதுங்கி, தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி வீங்கியது. அந்தச் சரிவில் எந்தப் பையும் நிற்கவில்லை. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் சீட் நனைந்தது. மறுநாளிலிருந்து ஆம்பூருக்கு, ஷூ கம்பெனி வேலைக்குப் போக மாட்டேன் என்றார். போகட்டும். ஆனால் என்னோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். அடுப்படி வாசலில் தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே நாலு வாய். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலூர் ஆஸ்பத்திரியில், பிதுக்கத்துக்கு வலை வைத்துத் தைத்துவிட்டு, துளையை இடப்பக்கம் மாற்றலாம் என்றார்கள். புது இடம் குறிக்கப் போனோம். லுங்கி கட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். கேட்டால்தானே? இஸ்திரி போட்ட பேண்ட். இந்த முறை நானும் உள்ளே போனேன்.

"வீட்ல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க," என்றார் சிஸ்டர்.

இவர் ஸ்டூல் நுனியில் கம்பு மாதிரி உட்கார்ந்தார்.

"இப்படித்தான் உக்காருவீங்களா?"

"ஆமாங்க மேடம்."

எனக்கு வந்ததே கோபம்! வழிக்குக் கட்டிவந்த புளிசாதம் என் கூடையில் இருந்தது. தரையில் பேப்பரை விரித்து, டப்பாவைத் திறந்து வைத்தேன்.

"பொய் சொல்றாரு சிஸ்டர். இன்னாங்க, வந்து உக்காந்து சாப்டுங்க."

"இங்கயா? மானத்த வாங்காத."

"அந்த மானத்தாலதான் இவ்ளோ பேஜாரு. பேண்ட்ட லூஸ் பண்ணிட்டு உக்காருங்க!"

சிஸ்டர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "சாப்டுங்க அண்ணா," என்று அவரும் தரையில் உட்கார்ந்தார். இவர் என்னை முறைத்துக்கொண்டே சம்மணம் போட்டார். இரண்டாவது வாயில் பசி ஜெயித்தது. முதுகு வளைந்தது, தொப்பை மடிந்தது. சிஸ்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, இவர் எப்படி உட்கார்ந்தாலும் மடியாத இடமாக, நன்றாக மேலே தள்ளிப் புள்ளி வைத்தார்.

ஆபரேஷன் ஆகி, தையல் ஆறிய பிறகும் நின்றேதான் சாப்பிட்டார். பயம். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஒரு மத்தியானம் தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். நன்றாகக் குனிந்து சாப்பிட்டார். எழுந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

"அதுக்குள்ள இன்னாத்துக்கு எழுந்தீங்க? ரசம் இருக்குது," என்று கத்தினேன்.

மறுபடி உட்கார்ந்தார்.